நின்ன ஃப்ளைட்ட திரும்ப பறக்க விட்ட கதை

2020 மே 25, ரெண்டு மாச லாக்டவுனுக்கு அப்புறம் இந்தியாவுல உள்நாட்டு ஃப்ளைட் திரும்ப ஆரம்பிச்ச நாள். அன்னைக்கு டிவி, வாட்ஸப்னு எங்க பாத்தாலும் ஒரே மாதிரி படம் தான், முகத்துல ஷீல்டு, உடம்புல வெள்ள கவுன், கைல கிளவுஸ், ட்ராலி மேல சானிடைசர். சாயங்காலம் 5 மணி வரைக்கும் 532 ஃப்ளைட், 39 ஆயிரத்து சொச்சம் பேர் போயிருக்காங்கன்னு அப்போ விமானத்துறை அமைச்சரா இருந்த ஹர்தீப் சிங் புரி கணக்கு சொன்னாரு. எங்க சொந்தத்துல அத்தன பேரும் எனக்கு ஃபோன் பண்ணி கேட்டது ஒரே கேள்வி, "ஃப்ளைட்ல உக்காந்தா கொரோனா வருமாப்பா?"

நியாயமான கேள்வி தான். ஆனா நான் சென்னைல விமான மெயின்டனன்ஸ்ல வேலை பாக்குறவன், அந்த வாரம் முழுக்க எங்க ஆளுங்க மனசுல ஓடினது அதுக்கும் முன்னாடி இருக்கற கேள்வி, ரெண்டு மாசம் வெயில்லயும் கடல் காத்துலயும் நின்ன இந்த மெஷின் ஒழுங்கா ஏறி ஒழுங்கா எறங்குமா? இத பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டு இருந்தேன், ஏன்னா பேண்டமிக்ல விமான சேவைய எப்படி பத்திரமா திரும்ப ஆரம்பிச்சாங்கன்னு யாராவது பேசினா கவுனும் ஷீல்டும் தான் பேசுறாங்க. என்ன கேட்டா அந்த பத்திரம் எல்லாமே தரையில தான் முடிவாச்சு, விமானத்த வேலை பாக்கற ஹேங்கர்ல, விமானம் நிக்கற பே-ல, பஸ்ல, க்யூல. வானத்துல இருந்த நேரம் தான் இருக்கறதுலயே கம்மி ஆபத்து.

மொதல்ல நின்னது எப்படின்னு சொல்றேன். 2020 மார்ச் 22-ஓட வெளிநாட்டு ஃப்ளைட் நின்னுச்சு, 24 நள்ளிரவோட உள்நாடும் நின்னுச்சு. நாடு முழுக்க சுமார் 650 விமானம் ஒரே நேரத்துல தரையில. ஒரு விமானம் ஒரு நாள்ல 12, 13 மணி நேரம் பறக்கறதுக்குன்னு செஞ்சது, அது ராத்திரி தங்கறதுக்கு தான் ஏர்போர்ட்ல எடம் இருக்கும், எல்லாம் ஒண்ணா வந்து நின்னா எடமே பத்தாது. பே எல்லாம் ரொம்பி விமானம் ரன்வேக்கு உருண்டு போற டாக்ஸிவே ஓரமா கூட வரிசையா நிறுத்தி வச்ச ஏர்போர்ட்டெல்லாம் உலகம் முழுக்க இருந்துச்சு.

ஃப்ளைட் ஓடலன்னா உங்களுக்கு லீவு தானேன்னு பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டாரு. அப்படி இல்ல. ரெண்டு மாசம் ஸ்டார்ட் பண்ணாத பைக் என்ன ஆகும்னு நமக்கு தெரியும்ல, அதே தான், ஆனா இங்க கிக்கர் ஒதச்சு பாத்துக்கலாம்னு விட முடியாது. நிறுத்தி வைக்கறதுக்கே தனி ப்ரொசீஜர் இருக்கு, எத்தன நாள் நிக்க போகுதுங்கறத பொறுத்து அது மாறும். எஞ்சினுக்கு முன்னாடியும் பின்னாடியும் கவர் போடணும், உள்ள ஈரம் சேராம இருக்க சிலிகா ஜெல் பை வைக்கணும், பக்கத்துல ஈரம் காட்டுற அட்டை ஒண்ணு இருக்கும், நீலமா இருந்தா சரி, நிறம் மாறினா பைய மாத்தணும், சென்னை காத்துல அது எவ்ளோ சீக்கிரம் மாறும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. டயர் ஒரே எடத்துல அழுந்தி தட்டையாகாம இருக்க குறிப்பிட்ட நாளுக்கு ஒருக்கா வண்டிய கொஞ்சம் இழுத்து சக்கரத்த திருப்பி விடணும். எஞ்சின குறிப்பிட்ட இடைவெளில ஸ்டார்ட் பண்ணி ஓட விடணும். தண்ணி டேங்க காலி பண்ணணும், இல்லன்னா உள்ள பாக்டீரியா வளரும். எரிபொருள் டேங்க்லயே பூஞ்சை வளரும்னு சொன்னா நம்ப மாட்டாங்க, ஆனா டேங்க் அடியில கொஞ்சம் தண்ணி தேங்கினா போதும், தண்ணிக்கும் எண்ணெய்க்கும் நடுவுல அது வளந்து ஃபில்டர அடைச்சிடும், அதனால சாம்பிள் எடுத்து டெஸ்ட் பண்ணி தேவைப்பட்டா மருந்து கலக்கணும். இத்தனையும் பாதி ஆளோட, ஆளுக்கு ஆள் தள்ளி நின்னு, மாஸ்க்குக்குள்ள வேர்த்து ஊத்த, ஏப்ரல் வெயில்ல.

இதுல எனக்கு ரொம்ப பயம் பிடோ ட்யூப் மேல தான். விமான மூக்கு பக்கத்துல விரல் மொத்தத்துல நீட்டிட்டு இருக்கும், அதுக்குள்ள போற காத்தோட அழுத்தத்த வச்சு தான் வேகம் எவ்ளோன்னு பைலட்டுக்கு தெரியும், உடம்புல சின்ன சின்ன ஓட்டையா இருக்கற ஸ்டேட்டிக் போர்ட் வச்சு தான் உயரம் தெரியும். இந்த ஓட்டை குளவிக்கு ரொம்ப பிடிக்கும். நம்ம வீட்டு ஜன்னல் ஓரத்துல மண்ண கொண்டாந்து அடைச்சு கூடு கட்டும்ல, அதே வேலைய இங்கயும் பண்ணும். ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன் ஏர்போர்ட்டுல இது பெரிய தலவலி, அங்க விமானம் கொஞ்ச நேரம் நின்னாலே கவர் போட்டுடுவாங்க. கவர் போட்டா அடுத்த ஆபத்து அத கழட்டாம விடுறது. 2018 ஜூலைல அதே பிரிஸ்பேன்ல ஒரு பெரிய விமானம் பிடோ கவர கழட்டாமலே கெளம்பி மேல போயிடுச்சு, வேகம் காட்டாம, எப்படியோ சுத்தி வந்து பத்திரமா எறக்கிட்டாங்க. அது பேண்டமிக்குக்கு முன்னாடி, ஒரே ஒரு விமானம். 2020-ல உலகம் முழுக்க ஆயிரக்கணக்குல கவர். அந்த ஆகஸ்ட்ல ஐரோப்பிய விமான பாதுகாப்பு அமைப்பு ஈயாசா ஒரு எச்சரிக்கையே விட்டாங்க, ஸ்டோரேஜ்ல இருந்து வெளிய வந்து மொத தடவ பறக்கற விமானங்கள்ல வேகமும் உயரமும் தப்பா காட்டுறதா வர ரிப்போர்ட் ஏறிட்டே போகுதுன்னு.

எங்க சீனியர் ஒருத்தர் இருக்காரு, எல்லாரும் அண்ணன்னு தான் கூப்பிடுவோம். கவர் கழட்டும்போது அவர் ஒரு கோணிய தரையில விரிச்சு, கழட்டின ஒவ்வொண்ணையும் வரிசையா அதுல அடுக்க சொல்லுவாரு, செவப்பு ரிப்பன் எல்லாம் ஒரே பக்கம் இருக்கணும். "பேப்பர்ல டிக் அடிச்சது எல்லாம் எனக்கு வேணாம் தம்பி, எத்தன போட்டமோ அத்தன இங்க வரணும், எண்ணி காட்டு." எண்ணி காட்டுவோம். அப்புறம் டார்ச் அடிச்சு ஒவ்வொரு ஓட்டையும் பாத்து, லைன ஃப்ளஷ் பண்ணி, லீக் டெஸ்ட் பண்ணி, அதுக்கப்புறம் தான் கையெழுத்து. கையெழுத்து போடறவன் பேர்ல தான் அந்த விமானம் ஏறுது, அது லாக்டவுனா இருந்தாலும் சரி, கம்பெனில சம்பளம் பிடிக்கற மாசமா இருந்தாலும் சரி.

ஜூலை கடைசில அமெரிக்காவோட விமான பாதுகாப்பு அமைப்பு எஃப்ஏஏ அவசர உத்தரவு ஒண்ணு போட்டாங்க. போயிங் 737-ல பழைய ரெண்டு தலைமுறை, புது மேக்ஸ் மாடல் இல்ல, அதுல ஏழு நாளோ அதுக்கு மேலயோ தொடர்ந்து நின்னதெல்லாம் பறக்கறதுக்கு முன்னாடி எஞ்சின்ல காத்த ஒரே பக்கமா மட்டும் விடுற ஒரு ஏர் செக் வால்வ பாக்கணும்னு. நின்ன நேரத்துல அது துரு பிடிச்சு, தெறந்தபடியே மாட்டிக்கிட்டு, பறக்கும்போது எஞ்சின் நின்னுபோன சம்பவம் நாலு வந்திருந்துச்சு. ஒரு எஞ்சின் நின்னா எறங்கிடலாம், ரெண்டுலயும் அதே வால்வ் அதே மாதிரி நின்னுட்டு இருந்திருக்கு, ரெண்டும் ஒண்ணா போனா? உள்ளங்கைல அடங்கற சாமான் அது. இந்தியாவுலயும் நம்ம விமான பாதுகாப்பு அமைப்பு டிஜிசிஏ உடனே செக் பண்ண சொல்லிட்டாங்க.

அதனால தான் நான் சொல்றேன், கவர்மென்ட் அன்னைக்கு எடுத்த முடிவுலயே பெஸ்ட் முடிவு, மொத நாளே முழுசா தெறக்காம மூணுல ஒரு பங்கு ஃப்ளைட் மட்டும்னு ஆரம்பிச்சது. 33 சதவீதம், அப்புறம் ஜூன் கடைசில 45, செப்டம்பர்ல 60, டிசம்பர்ல 80, ரெண்டாவது அலை வந்ததும் 2021 ஜூன் 1-ல திரும்ப 50-க்கு எறக்கிட்டாங்க, அக்டோபர் 18-ல தான் 100. ஏர்லைன்ஸ் பக்கம் இதுக்கு ரொம்ப முணுமுணுப்பு, வருமானம் இல்லாம எப்படின்னு. ஆனா ஹேங்கர் பக்கத்துல இருந்து பாத்தா அந்த படிப்படியா ஏத்தினது தான் எங்களுக்கு நேரம் குடுத்துச்சு, ஒவ்வொரு விமானமா வெளிய எடுத்து பொறுமையா பாக்க முடிஞ்சுது. 650-ஐயும் ஒரே வாரத்துல எடுன்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிக்கவே பிடிக்கல.

மெஷினுக்கு அடுத்தது ஓட்டுற கை. பைலட் 90 நாளைக்குள்ள குறைஞ்சது மூணு டேக்-ஆஃப் மூணு லேண்டிங் பண்ணியிருக்கணும், இல்லன்னா பயணிகள ஏத்திட்டு போக முடியாது, இது உலகம் முழுக்க இருக்கற விதி. ஃப்ளைட்டே இல்லாதப்போ அது எப்படி நடக்கும், தரையிலயே ஓட்டி பழகற சிமுலேட்டர் சென்டரும் மூடி கெடக்குது. பல நாட்டுல தற்காலிகமா விதிய தளர்த்தினாங்க, வேற வழி இல்ல. எனக்கு தெரிஞ்ச ஒரு கேப்டன் சொன்னது, ஸ்டிக்க பிடிக்கறது மறக்கவே மறக்காது, மறக்கறது சுவிட்ச் வரிசை, ரேடியோல பேசற வேகம், பக்கத்துல இருக்கறவர் சொல்றது காதுல விழறது. அதுக்கு மேல தலைல வீட்டு கவலை வேற.

அந்த கவலை என்ன பண்ணும்ங்கறதுக்கு கராச்சி விபத்த சொல்லாம இருக்க முடியல. பாகிஸ்தான் 2020 மே 16-ல உள்நாட்டு ஃப்ளைட்ட திரும்ப ஆரம்பிச்சாங்க. ஒரு வாரம் கூட ஆகல, மே 22, ரம்ஜானுக்கு ரெண்டு நாள் முன்னாடி, லாகூர்ல இருந்து வந்த பிகே 8303, ஏர்பஸ் ஏ320, 99 பேர். இருக்க வேண்டிய உயரத்த விட ரொம்ப மேல இருந்து வந்திருக்கு, கண்ட்ரோலர் எச்சரிச்சும் நாங்க பாத்துக்கறோம்னு வந்திருக்காங்க, எறக்கின சக்கரம் திரும்ப மேல போயிருக்கு, அது தெரியாம எஞ்சினே ரன்வேல தேஞ்சிருக்கு, திரும்ப மேல ஏறினாங்க, ரெண்டு எஞ்சினும் நின்னு வீடுங்க மேல விழுந்துடுச்சு. 97 பேர் போயிட்டாங்க, பிழைச்சது ரெண்டே பேர். ஜூன் 24-ல அவங்க நாடாளுமன்றத்துல அமைச்சர் குலாம் சர்வார் கான் முதல்கட்ட அறிக்கைய வச்சு சொன்னது, ரெண்டு பைலட்டும் முழு நேரமும் கொரோனாவ பத்தி பேசிட்டு இருந்திருக்காங்க, குடும்பத்துல பாதிப்பு, மனசு அங்க. விபத்துக்கு காரணம் அது ஒண்ணு தான்னு நான் சொல்ல வரல, செக்லிஸ்ட் விட்டுபோனது, கண்ட்ரோல் டவர் சொல்லாம விட்டதுன்னு நெறைய இருக்கு. ஆனா பேண்டமிக் காக்பிட்டுக்குள்ள வந்து உக்காந்ததுக்கு இத விட வேற சாட்சி வேணாம். பைலட்டுக்கு டெம்பரேச்சர் பாத்து உள்ள விட்டாங்க, ராத்திரி தூங்கினியா, வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களான்னு கேட்ட எடம் எத்தன இருக்கும்?

சரி, இப்ப அந்த மொத கேள்விக்கு வரேன், ஃப்ளைட்ல உக்காந்தா கொரோனா வருமா.

பறக்கும்போது உள்ள காத்து மேல இருந்து கீழ எறங்கி கால் பக்கத்து வழியா வெளிய போகும், முன்னாடி சீட்டுல இருந்து பின் சீட்டு வரைக்கும் ஓடாது. அதுல பாதி வெளிய இருந்து வர புது காத்து, மீதி ஹெப்பா ஃபில்டர் வழியா சுத்தி வரும், அது 99.97 சதவீதம் துகள பிடிச்சிடும். ஒரு மணி நேரத்துல 20-ல இருந்து 30 தடவ முழு காத்தும் மாறிடும். நம்ம ஊர் ஏசி பஸ்ஸ, துணிக்கடைய எல்லாம் வச்சு பாத்தா எவ்வளவோ மேல. ஆனா இத மட்டும் சொல்லி "ஃப்ளைட் தான் சேஃப்"னு விளம்பரம் பண்ணாங்க பாருங்க, அதுல ஒரு பெரிய விஷயம் விட்டுபோச்சு. அந்த காத்து சிஸ்டம் ஓடினா தான் இத்தனையும். தரையில நிக்கும்போது அது ஓடணும்னா வால் பக்கத்துல இருக்கற ஏபியுங்கற சின்ன எஞ்சின் ஓடணும், இல்ல வெளிய இருந்து குழாய் போட்டு காத்து குடுக்கணும். எரிபொருள் மிச்சம் பண்ண ஏபியுவ நிறுத்தறது சாதாரணமா நடக்கறது தான். அப்போ உள்ள 180 பேர், எல்லாரும் எழுந்து நின்னு பை எடுக்கறாங்க, மூச்சு வாங்கறாங்க, காத்து அசையாம நிக்குது.

இத ஊகமா சொல்லல. 2020 செப்டம்பர் 29, துபாய்ல இருந்து நியூசிலாந்துக்கு ஒரு ஃப்ளைட், 86 பேர் தான், பெரிய விமானம், நெறைய காலி சீட்டு. போய் எறங்கி குவாரண்டைன்ல டெஸ்ட் எடுத்தப்போ ஏழு பேருக்கு பாசிட்டிவ், எல்லாரும் நாலு வரிசைக்குள்ள உக்காந்தவங்க, வைரஸோட மரபணுவ பாத்தா ஒண்ணுல இருந்து ஒண்ணு வந்திருக்கு, குறைஞ்சது நாலு பேருக்கு ஃப்ளைட்லயே ஒட்டியிருக்கு. வழியில கோலாலம்பூர்ல எரிபொருள் போட நிறுத்தினப்போ ஏபியு அரை மணி நேரம் ஆஃப்ல இருந்திருக்குன்னு ஆராய்ச்சிக்காரங்க எழுதியிருக்காங்க. அந்த ஏழு பேர்ல அஞ்சு பேர் கெளம்பறதுக்கு முன்னாடி டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் வாங்கினவங்க, அதையும் கவனிங்க. அதுக்கு முன்னாடி மார்ச் 1-ல லண்டன்ல இருந்து ஹனோய் போன ஃப்ளைட்ல இருமலோட ஏறின ஒருத்தர்கிட்ட இருந்து 15 பேருக்கு, அதுல 12 பேர் அதே பிசினஸ் கிளாஸ்ல, அப்போ மாஸ்க் கட்டாயம் இல்ல. பத்து மணி நேரம் பக்கத்துல உக்காந்தா ஃபில்டர் என்ன பண்ணும், பக்கத்துல இருக்கறவர் மூச்சு ஃபில்டருக்கு போறதுக்கு முன்னாடி நம்மகிட்ட வந்துடும். மாஸ்க் வேலை செஞ்சது அங்க தான்.

நடு சீட்ட காலியா விடணுமான்னு நடந்த சண்டை ஞாபகம் இருக்கா? மே 25 அன்னைக்கே, ரம்ஜான் லீவு நாள்ல சுப்ரீம் கோர்ட் உக்காந்து விசாரிச்சாங்க, விமானத்துக்குள்ள இருக்கோம்னு வைரஸுக்கு தெரியுமான்னு தலைமை நீதிபதியே கேட்டாரு. அப்புறம் டிஜிசிஏ முடிஞ்சா நடு சீட்ட காலியா விடுங்க, முடியலன்னா அதுல உக்கார்றவருக்கு கவுன் குடுங்கன்னு சொன்னாங்க. அந்த கவுன போட்டுட்டு வேர்வைல நெளிஞ்ச பெரியவங்கள எத்தனையோ பேர பாத்திருக்கேன், காத்துல வர நோய்க்கு மேல் துணி பெருசா ஒண்ணும் பண்ணாது. அந்த கவுன் காசுல பே-ல நிக்கற நேரம் முழுக்க ஏபியு ஓட விட்டிருக்கலாம்னு எனக்கு இன்னைக்கும் தோணுது. அதே மாதிரி டெர்மினல்ல இருந்து தூரத்து பே-க்கு போற பஸ். உள்ள செக்யூரிட்டில ஆறடி தள்ளி நில்லுங்கன்னு வட்டம் போட்டிருப்பாங்க, வெளிய வந்து பஸ்ல ஏறினா தோளோட தோள்.

டெஸ்ட் சர்டிஃபிகேட்டும் அப்படி தான், அது எடுத்த நேரத்துக்கு தான் பேசும். 2021 ஏப்ரல் 4, டெல்லி ஹாங்காங் ஃப்ளைட், எல்லார் கைலயும் 72 மணி நேரத்துக்குள்ள எடுத்த நெகட்டிவ், போய் எறங்கின 188 பேர்ல 50 பேருக்கு மேல பாசிட்டிவ் வந்துடுச்சு. அதுக்கப்புறம் தான் யுஏஇ போறவங்களுக்கு ஏர்போர்ட்டுலயே கெளம்பறதுக்கு சில மணி நேரம் முன்னாடி ராபிட் பிசிஆர் எடுக்கணும்னு 2021 ஆகஸ்ட்ல வந்துச்சு. செலவு ஜாஸ்தி, வேலைக்கு திரும்பி போற நம்ம பசங்களுக்கு அது பெரிய சுமை, அத அரசாங்கமோ வேலை குடுக்கறவரோ ஏத்துக்கிட்டிருக்கணும். ஆனா தடுப்புன்னு பாத்தா சரியான எடத்துல சரியான நேரத்துல வச்சது அது தான்.

தமிழ்நாட்டுல மொத கட்டத்துல சென்னைக்கு ஒரு நாளைக்கு 25 ஃப்ளைட் தான் வந்து எறங்கலாம், இ-பாஸ் வேணும், கைல முத்திரை, 14 நாள் வீட்டுல. எல்லாரும் திட்டினாங்க. நான் அத ஆதரிக்கறேன், ஏன்னா வரவங்கள தொடர்ந்து பாக்க சுகாதாரத்துறைக்கு எத்தன ஆள் இருக்கோ அத்தன ஃப்ளைட் தான் எறக்கணும். அதே சமயம் ஒரு வருஷம் கழிச்சு 2021 மே 23, முழு ஊரடங்குக்கு முந்தின நாள், மதுரைல ஒரு குடும்பம் விமானத்த வாடகைக்கு எடுத்து நூத்துக்கும் மேற்பட்ட சொந்தக்காரங்களோட வானத்துல கல்யாணம் பண்ணாங்க, வீடியோவுல ஒருத்தர் முகத்துலயும் மாஸ்க் இல்ல. டிஜிசிஏ கேபின் க்ரூவ வேலைல இருந்து நிறுத்தி வச்சாங்க. ஆக்ஸிஜனுக்கு ஜனங்க தெருவுல அலைஞ்ச வாரம் அது. எனக்கு ஆத்திரம் அந்த பொண்ணு மாப்பிள்ளை மேல இல்ல, அத்தன பேர் கூட்டத்த ரெண்டு மூணு இளம் பசங்க எப்படி தடுப்பாங்க, தண்டனை மட்டும் அவங்களுக்கு.

இது என்ன எங்க கொண்டு போகுதுன்னா, தரையில வேலை பாக்குறவங்க கிட்ட. 2021 ஜூலைல சீனாவுல நான்ஜிங் ஏர்போர்ட், மாஸ்கோவுல இருந்து வந்த விமானத்த சுத்தம் பண்ணின க்ளீனர்ங்களுக்கு டெல்டா வகை கொரோனா ஒட்டி, அதே ஆளுங்க உள்நாட்டு விமானத்தயும் சுத்தம் பண்ணதால பல மாகாணத்துக்கு பரவிடுச்சு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி சிங்கப்பூர் சாங்கி, டெர்மினல் 3-ல வேலை பாத்தவங்கள்ல ஆரம்பிச்சு நூறு பேருக்கு மேல, தடுப்பூசி போட்டவங்க உட்பட. சாங்கில உடனே பண்ணினது எனக்கு ரொம்ப பிடிச்சது, ஆபத்தான நாட்டு ஃப்ளைட்டுக்கு தனி பகுதி, தனி ஊழியர், அவங்களுக்கு தனி சாப்பாட்டு எடம், கலக்கவே விடல. நம்ம பக்கம் நான் பாத்தது, ஒரு ஒப்பந்த கம்பெனில வேலை பாத்த லோடர் பையன், காய்ச்சல்னு சொன்னா அன்னைக்கு சம்பளம் இல்ல, அதனால மாத்திரை போட்டுட்டு வருவான். அவன நான் குத்தம் சொல்ல மாட்டேன். அவனுக்கு ரெண்டு வாரம் சம்பளத்தோட லீவு குடுக்கற செலவு ஒரு ஃப்ளைட்டுக்கு வாங்கின ஷீல்டு, கவுன் செலவ விட ரொம்ப பெருசா இருந்திருக்குமா?

2022 மார்ச் 27-ல வெளிநாட்டு ஃப்ளைட் முழுசா தெறந்தாங்க, நவம்பர் 16-ல மாஸ்க் கட்டாயம் போச்சு, கொஞ்ச நாள்ல வெளிநாட்டுல இருந்து வரவங்க நிரப்பின ஏர் சுவிதா ஃபாரமும் போச்சு. ஷீல்டு எப்பவோ போயிடுச்சு. ஸ்டோரேஜ் பத்தி விமான கம்பெனிங்க திருத்தின மேனுவல் மட்டும் எங்ககிட்ட இருக்கு, அதுல 2020-க்கு அப்புறம் சேந்த பக்கங்கள நான் புதுசா வர பசங்களுக்கு மொத வாரமே படிக்க சொல்றேன். பயணம் பண்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், கதவு மூடி ரொம்ப நேரம் பே-ல நிக்கும்போது தலைக்கு மேல இருக்கற காத்து வர ஓட்டைல கைய வச்சு பாருங்க, காத்து வரலன்னா க்ரூவ கூப்பிட்டு "ஏபியு ஓடுதாங்க?"ன்னு கேளுங்க. அவங்க கேப்டன்கிட்ட கேட்டு சொல்லுவாங்க.